புதன்கிழமை அடக்கம், வியாழக்கிழமை மரணம்

பிறப்பு இறப்புப் பதிவாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் தன் அலுவலக நாற்காலியிலேயே இறந்துபோனார். இருபத்தேழு வருடம் உட்கார்ந்த நாற்காலி. புதன்கிழமை அடக்கம் நடந்தது. வியாழக்கிழமை மத்தியானம், வீட்டு அலமாரியின் மேல் கிடந்த அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'தங்கள் பணி ஓய்வுக்கு நல்வாழ்த்துகள். இனி வரும் நாட்கள் நலமாகவும் நீண்டதாகவும் அமையட்டும்.'

அவர் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, தைக்காமல் கிடந்த சீருடைச் சட்டைகளை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். பள்ளிகளுக்குச் சீருடை தைப்பது அவள் தொழில். எண்ணி முடித்தபோது எத்தனை என்று மறந்துபோயிருந்தது.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. பதிவாளர் பேரில் ஒதுக்கிய அரசு வீட்டை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ் தந்தால் இன்னும் ஆறு மாதம் இருக்கலாம். மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு இரண்டு மாதத்தில். ஊருக்கெல்லாம் சான்றிதழ் எழுதியவர் வீட்டுக்கு ஒரு சான்றிதழ் கிடைப்பது என்ன பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

தலைமை எழுத்தர் எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

இப்போதெல்லாம் கணினி. எந்த மரணமாக இருந்தாலும் பதிவாளருடைய திரைக்குப் போக வேண்டும். அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டுச் சரி என்று அழுத்தினால்தான் சான்றிதழ் வெளியே வரும். பதிவாளருடைய மரணமும் முறைப்படி பதிவாளருடைய திரைக்கே போய், அவருடைய ஒப்புதலுக்குக் காத்திருந்தது. வேறொருவர் அந்த வேலையைப் பார்க்க வேண்டுமானால், பதிவாளர் பொறுப்பை விட்டுவிட்டதாக முதலில் காட்ட வேண்டும். அதற்கான காரணங்கள் நான்கு இருந்தன. மாறுதல், பதவி உயர்வு, நீண்ட விடுப்பு, ஓய்வு. மாறுதல் என்று போட்டால் எந்த ஊருக்கு என்று கேட்டது. பதவி உயர்வு என்றால் என்ன பதவி என்று கேட்டது. நீண்ட விடுப்பு என்றால் எப்போது திரும்புவார் என்று கேட்டது. ஓய்வு மட்டும்தான் எதுவும் கேட்கவில்லை. போட்டுவிட்டார்கள்; பொறுப்பு தலைமை எழுத்தர் கைக்கு வந்தது. கடந்துபோன தேதியை அது வாங்காது, அன்றைக்கு வியாழக்கிழமை.

"அதனால என்ன ஆச்சுன்னாம்மா, சார் வியாழக்கிழமை ரிட்டயர் ஆயிட்டாரு. வியாழக்கிழமை ரிட்டயர் ஆனவரு செவ்வாக்கிழமை எப்படிச் செத்திருப்பாருன்னு அது கேக்குது. தப்புன்னும் சொல்ல முடியல. நியாயமாத்தான் கேக்குது" என்றார் தலைமை எழுத்தர்.

"இப்ப என்ன பண்றது?"

"வியாழக்கிழமை தவறிட்டாருன்னு போட்டா இந்த நிமிஷமே கையில குடுத்துடுவேன்."

"புதன்கிழமை அடக்கம் பண்ணிட்டோமே. நீங்களும் வந்தீங்களே."

"வந்தேன். முன்பக்கம் தோள் குடுத்தவனே நான்தான். ஆனா அடக்கத்துக்கு அதுல கட்டமே கிடையாதும்மா."

"அந்த ஓய்வை ரத்து பண்ண முடியாதா?"

"தாராளமா முடியும். சாரே உள்ள வந்து ரத்து பண்ணணும். மத்தவங்க பாஸ்வேர்ட் எல்லாம் ஸ்கிரீன் ஓரத்துலயே ஒட்டியிருக்கும், நீங்களே பாருங்க. சார் ஒருத்தர்தான் யாருக்கும் சொல்லாதவரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "தலைமையகத்துக்கும் எழுதினோம். புகார் எண் வந்துச்சு. மறுநாளே உங்கள் குறை தீர்க்கப்பட்டதுன்னு வந்துடுச்சு. அதுக்கு மேல யாருகிட்டப் போறது? ஒரு நாள் ரெண்டு நாள் வித்தியாசம்தானேம்மா."

இதே மாதிரி வார்த்தையை அவள் முன்பு கேட்டிருக்கிறாள், தன் வீட்டு வாசலிலேயே. சொன்னது கொழுந்தன்.

பதிவாளரை ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'தேதி' என்பார்கள். 'தேதி வர்றாரு', 'தேதிகிட்டப் போய் மண்டியிட்டாலும் நடக்காது' என்பார்கள். பள்ளியில் சேர்க்க வயது பத்தவில்லை என்று பிள்ளையின் பிறந்த நாளை முன்னால் நகர்த்தி எழுதச் சொல்லி வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பியவர். கொழுந்தனின் மகன் பிறந்தது பள்ளிச் சேர்க்கைக்கான கடைசித் தேதி முடிந்து இருபது நிமிடம் கழித்து. "இருபது நிமிஷம்தானேண்ணா" என்று தம்பி கெஞ்சினான். "இருபது நிமிஷம் இல்லடா, மறுநாள்" என்றார் அண்ணன். பையன் ஒரு வருடம் தாமதமாகப் பள்ளிக்குப் போனான். வகுப்பிலேயே உயரமானவனாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பெரியவர்கள் இருவரும் ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

அப்போது அவளே கணவரிடம் கேட்டாள். "நான் எந்தச் சட்டையையும் ஒரு அங்குலம் கூட்டித்தான் தைக்கிறேன். ஒரு நாளைக் கூட்டினா என்ன குறைஞ்சுபோயிடும்?"

"நீ தைக்கிறது வளர்ற உடம்புக்கு. நான் எழுதறது நடந்து முடிஞ்சதுக்கு" என்றார் அவர். அதன் பிறகு சாப்பாட்டில் உப்புக் குறைவு என்றார். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அவள் தலைமை எழுத்தரிடம் சொன்னாள்: "கூடப் பிறந்தவனுக்கே தேதியை நகத்தாத மனுஷன். அவருக்கு மட்டும் நகத்தி எழுதினா நல்லா இருக்காது. வேற வழி இருந்தா சொல்லுங்க."

தலைமை எழுத்தர் முகவாயைச் சொறிந்தார். வழி ஒன்று இருந்தது. கணினி படுத்துவிட்ட நேரத்தில், பழைய பதிவேட்டில் கையால் எழுதி, அவரே முத்திரை போட்டுச் சான்றிதழ் தரலாம். கையால் எழுதியதைப் பிறகு படம் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். அதைக் கணினி கேள்வி கேட்பதில்லை.

"ஆனா சும்மா படுத்துடுச்சுன்னு எழுத முடியாது. எத்தனை மணிக்குப் படுத்துச்சு, எத்தனை மணிக்கு எழுந்துச்சுன்னு அதுவே தலைமையகத்துக்குச் சொல்லிடும். நிஜமாவே படுக்கணும்."

"எப்பப் படுக்கும்?"

"அதுக்கா குறைச்சல்? ஒரு நாளைக்கு நாலு தடவை படுக்கிற மிஷினு" என்றாள் பக்கத்தில் இருந்த கணினிப் பெண். "நீங்க காலையில வந்து உக்காருங்கக்கா. மத்தியானத்துக்குள்ள வாங்கிட்டுப் போயிடலாம்."

அவள் மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தாள். கணினி படுக்கவில்லை. அதற்கு மறுநாளும் படுக்கவில்லை. முதல் வாரம் முழுக்க அது கல்லுக்குண்டு மாதிரி ஓடியது. ஊர் மக்கள் வந்தார்கள், பத்து நிமிடத்தில் சான்றிதழோடு போனார்கள், ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர் கணினிப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண், பதிவாளர் மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் இடி மின்னலோடு மழை. அலுவலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைநிலை ஊழியர் பழைய பதிவேட்டைத் தூசி தட்டி மேசையில் வைத்தார், தலைமை எழுத்தர் பேனா மூடியைத் திறந்தார். மின்சாரம் போனது. பேட்டரியில் கணினி ஓடியது. மின்சாரம் வந்தது. தலைமை எழுத்தர் பேனாவை மூடினார்.

"சனியன், வேணும்னா வராது, வேணாம்னா போகாது" என்றார் கடைநிலை ஊழியர்.

பதிவாளர் மனைவி பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டிய சட்டைகளைப் பையில் கொண்டுவந்து பெஞ்சிலேயே வேலை பார்த்தாள். எதிரே கணவருடைய நாற்காலி காலியாக இருந்தது. புதுப் பதிவாளர் இன்னும் வரவில்லை, அதில் யாரும் உட்காரவில்லை. ஒருவர் மட்டும் குடையை வைத்தார், பிறகு அவரே எடுத்துக்கொண்டார்.

கடிதம் வந்த இருபத்தொன்பதாம் நாள் கொழுந்தன் வந்தான். இணையக் கம்பி இழுப்பது அவன் வேலை. தோளில் பை, கையில் கம்பிச் சுருள். அடக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனவன். பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"பொண்ணு போன் பண்ணிச்சு. நாளைக்குச் சாமானைக் கட்டணுமாமே?"

"ஆமா தம்பி."

"வியாழக்கிழமைன்னே வாங்கிட்டு வந்திருக்கலாமே அண்ணி."

"வாங்கியிருக்கலாம்."

அவன் தலையை நிமிர்த்தி, மேல் சுவரோரமாக ஓடிய நீலக் கம்பியைப் பார்த்தான்.

"இது நான் போட்டது."

"எது?"

"இந்தக் கம்பி. பழசு எலி கடிச்சு, ஒரு நாளைக்கு நாலு தடவை அறுந்துச்சு. டெண்டர் எனக்கு வந்துச்சு. அண்ணன் போறதுக்கு முந்தின வாரம். நாலு நாள் அவரு தலைக்கு மேல ஏணி போட்டு நின்னேன் அண்ணி. நாலு நாள்ல ஒரே ஒரு வார்த்தை. அந்த ஃபைலைக் கொஞ்சம் நகத்துங்கன்னேன். நகத்தினாரு."

"உங்கண்ணன் என்கிட்டச் சொல்லவே இல்லியே."

"என்ன சொல்றது? ஃபைலை நகத்தினேன்னா?" அவன் கையிலிருந்த சுருளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவரு குறை சொல்லக் கூடாதுன்னு வீம்புக்கு நல்லாப் போட்டேன். பத்து வருஷத்துக்கு அசையாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவை. அது பாதியிலேயே வேறு எதுவோ ஆகி, அவள் முகத்தை ஒரு சீருடைச் சட்டையில் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கொழுந்தன் எழுந்தான். மூலையில் சாத்தியிருந்த ஏணியை எடுத்து, அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போட்டு ஏறினான். சுவர்ப் பெட்டியைத் திறந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைமை எழுத்தர் மட்டும் ஒரு கோப்பைத் தேட மேசைக்கு அடியில் குனிந்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்?" என்று மேலிருந்து கேட்டான்.

அவன் கேட்டது கணினிப் பெண்ணை. ஆனால் அவள் அண்ணியைப் பார்த்தாள். இது அவருக்குப் பிடித்திருக்காது என்று அண்ணிக்குத் தெரியும். தேதி சரியாக இருக்கும் என்பதும் தெரியும்.

"நிதானமா எழுதட்டும். தப்பில்லாம எழுதணும்" என்றாள் அண்ணி.

அவன் கம்பியை உருவினான். திரைகளில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர், "அதான பாத்தேன், இப்பத்தான் கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு" என்று திருப்தியோடு தரையில் உட்கார்ந்தார். தலைமை எழுத்தர் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பதிவேட்டைத் திறந்தார். பெயர். தகப்பனார் பெயர். தொழில். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். இறந்த இடம் என்ற கட்டம் வந்ததும் கை நின்றது. "இந்த ஆபீஸ்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, முழு விலாசத்தையும் எழுதினார்.

முத்திரை விழுந்தது. சான்றிதழ் அவள் கைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பத்தைந்து நிமிடம்.

"மாட்டட்டுமா அண்ணி?" ஏணியின் மேல் அவன் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருங்க தம்பி" என்றாள். மறுபடி ஒரு தடவை, மேலிருந்து கீழே, முத்திரையின் ஓரத்தில் இருந்த எழுத்துவரைக்கும் படித்தாள். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

"சரியா இருக்கு. மாட்டுங்க."