ஞாயிற்றுக்கிழமை வராத ஆள்

ராயப்பன் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. நிலத்தடித் தண்ணீரை இறைக்கும் பம்புகளுக்குக் குழாய் பூட்டுவது அவன் வேலை. அறுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் மேஸ்திரி சிங்காரவேல் வந்து நின்றார்.

“பர்மனென்ட்டுக்குப் பேர் எழுதறாங்க ராயப்பா. நாளையிலேர்ந்து நாலு ஞாயிறு வர்றவன் பேரைத்தான் நான் சொல்லுவேன்.”

“ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசைங்க. குழா ஒடைஞ்சி தண்ணி ஏறுதுன்னா சொல்லுங்க, எந்நேரமானாலும் வரேன். போன மாசம் வந்தேனே.”

“அது வேற. கூப்பிட்டா வர்ற ஆளான்னு பாக்கத்தான் கேக்கறேன்.”

ராயப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், ஆஸ்பத்திரி. ஊரைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் முந்தின வருஷம் பத்து மாதம் ஒருநாள்கூட விடாமல் வேலைக்குப் போனவன் அவன். ஒருநாள் நின்றபடியே கண் அசந்துவிட்டான். சங்கிலியில் தொங்கிய குழாய் காதை உரசிக்கொண்டு போனது. அன்றோடு வாரத்தில் ஆறு நாள்தான் என்று முடிவு செய்திருந்தான்.

மேஸ்திரி கேட்டதை வீட்டில் சொன்னபோது மனைவி மாணிக்கம்மாள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பண்ருட்டி வியாபாரி கொடுத்தனுப்பிய கூடை. அதைக் கேட்டதும் அவள் கட்டையின் சத்தம் பலமானது.

மறுநாள் பூசையில் சாமியார், பாலைவனத்தில் ஜனங்களுக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவைப் பற்றிப் பேசினார். ஆறாம் நாள் இரண்டு பங்கு விழுந்தது. ஏழாம் நாளும் பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொல்லும் கட்டளையையும் படித்தார். ராயப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்ததும் அது போய்விட்டது. சுரங்கத்துப் பக்கமிருந்து யந்திரங்களின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. இந்நேரம் யார் யார் பேரை மேஸ்திரி குறித்திருப்பார்? பக்கத்திலேயே கொட்டை உடையும் சத்தம் வேறு.

“இன்னிக்கி ஒருநா அத்த கீழ வெச்சிடேன்” என்றான்.

மாணிக்கம்மாள் நிமிர்ந்தாள். கொட்டை எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் தோலுரிந்து கிடந்தன.

“உங்களுக்கு ஓய்வு குடுத்துட்டாரு சாமி. மவனுக்கு, மவளுக்கு, வேலைக்காரனுக்கு, மாட்டுக்குக்கூட குடுத்தாருன்னு படிச்சாங்க. பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை வரல. நான் கேட்டுகினுதான் இருந்தேன்.”

ராயப்பன் எழுந்து உட்கார்ந்தான். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனான். திரும்பி வந்து அடுப்பு மூட்டினான். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். புகையில் அவன் இருமுவதைக் கேட்டு அவள் கை நின்றது.

“நாளைக்கி வேலை இல்லன்னுட்டா?”

“தெரியல மாணிக்கம். பயமாத்தான் கீது.”

அவள் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

திங்கட்கிழமை மேஸ்திரி அவனை வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னார். மூன்று நாள் சுரங்க வாசலில் வேலைக்காக நின்றுவிட்டுத் திரும்பினான். வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான். அதுவும் வரவரத் தண்ணியானது. வியாழக்கிழமை மழை கொட்டியது. பள்ளத்தில் குழாய் வரிசை ஒன்று சரிந்தது. பூட்டத் தெரிந்த ஆள் போதவில்லை. மேஸ்திரி ஆள் அனுப்பினார். ராயப்பன் ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் பொழுது சாயும்வரை நின்று பூட்டினான்.

நாலு ஞாயிறு கழிந்து பர்மனென்ட் பட்டியல் வந்தபோது அதில் அவன் பெயர் இல்லை.

பர்மனென்ட் ஆக இன்னும் இரண்டரை வருஷம் ஆனது. அப்போது மேஸ்திரியும் வேறு, கான்ட்ராக்டரும் வேறு. ஷிப்ட் முறையில் வார ஓய்வு சில வாரம் செவ்வாயில் விழும், சில வாரம் வெள்ளியில். பூசைக்கு விடியற்காலையிலோ சாயங்காலமோ போய்க்கொண்டான். ஓய்வு எந்த நாளில் விழுந்தாலும் அன்று குவார்ட்டர்ஸில் அடுப்பு அவனுடையது. பிளாக்கில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மாணிக்கம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.