வாசலில் வைத்த கல்தொட்டி

கடற்கரை விடுதி வாசலில், வருகிறவர்கள் கால் கழுவ வைத்திருந்த எண்கோணக் கல்தொட்டியின் விளிம்பில் செதுக்கிய புறாவைக் கண்டதும், ஈரக்கல்லும் மெழுகுதிரியும் மணக்கும், என் பள்ளித்தோழி ஸ்டெல்லாவின் தேவாலயத்துக்குள் நினைவில் போய்விட்டேன். பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவும் ஹவுள்தான் இதுவும் என்று நினைத்து, சின்ன வயதில் இதில் முழங்கைவரை நனைத்து ஒளு எடுத்தவள் நான். பித்தளை விளக்குத் துலக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் அம்மா ஓடிவந்தார்; ஏசவில்லை.

“இது கழுவுறதுக்கில்ல மகள். இதிலதான் புள்ளைகளுக்கு ஞானஸ்நானம். இதில பொறந்துதான் நாங்க உள்ள போற. அதான் வாசல்ல வச்சிரிக்கு.”

சுனாமியாய்க் கடல் எழும்பிய ஞாயிறு, ஆராதனையிலிருந்த ஸ்டெல்லாவையும் அம்மாவையும் தேவாலயத்தோடு கொண்டுபோனது. இந்தக் கல் மிஞ்சியிருக்கிறது.

“காலைக் கழுவிட்டு வாங்க ராத்தா,” என்றார் விடுதிக்காரர்.

மணற்காலோடு நின்றேன். முன்னால் போனவர்களின் மண் படிந்து, ஸ்டெல்லா பிறந்த தண்ணீர் கலங்கிக் கிடந்தது.