கம்பத்தில் ஆள் இருக்கும்போது

ரோசலினுக்குத் தூக்கம் என்றால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடுவது. கட்டிலுக்குப் பக்கத்தில் கணவர் சிலுவைராஜின் ஆக்சிஜன் மிஷின் ஓடும். அந்த இரைச்சல் நின்றால் அந்தமானின் பாராடாங் தீவில் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே எழுந்து மூலையில் நிற்கும் சிலிண்டரைச் சாவி போட்டுத் திறந்து, குழாயை மாற்றி மாட்ட வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் நிரப்பிவரப் போர்ட் பிளேயருக்குத்தான் அனுப்ப வேண்டும். படகுத்துறை, பிறகு போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக விடும் கான்வாயில் காட்டுப்பாதை, திரும்ப அதே வழி. அது வந்து சேரும்வரை அவள் படுக்கவே மாட்டாள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் வந்தவள். வலை தைத்தாள், மீன் காயவைத்தாள், படகுத்துறை டீக்கடைக்கு இட்லி அவித்துக் கொடுத்தாள், மகள் டயானாவை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள். சிலுவைராஜ் லைன்மேன். புயல் நேரத்தில் கம்பம் ஏறப் போகிறவருக்குத் தூக்குவாளி கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்ற காலம் ஒன்று. இப்போது அவர் கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு நடந்தால் நடுவில் ஒருதரம் உட்கார வேண்டும்.

கார் நிக்கோபார் தீவில் வேலையிலிருக்கும் டயானாதான் சோலாருக்கு எழுதிப்போட்டாள். அப்பாவை நெஞ்சுச்சளிக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம், அவள் லீவு எடுத்து அங்கே இருக்க, இங்கே கூரைமேல் பேனல் ஏறியது. மாட்ட வந்தவன் அஸ்வின். போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்தவன். தமிழை ஹிந்தி போட்டுத்தான் பேசுவான்.

"ஏம்பா, ராத்திரி வெயிலுக்கு எங்க போவ?" என்று ரோசலின் கேட்டாள்.

"டென்ஷன் மத் லோ ஆண்ட்டி. பகல்ல நீங்க லைனுக்குக் குடுக்கிறீங்க. ராத்திரி லைன் உங்களுக்கு வாபஸ் குடுக்கும்."

அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. சீட்டுப் பணம் கட்டி வைப்பதுபோல, பகலில் கொடுத்தது கம்பியில் எங்கோ அவள் பேரில் இருக்கும். கரண்ட் போனாலும் அவளுடையது அவளுக்கு வரும்.

சிலுவைராஜ் வீடு திரும்பியதும் படியில் மூச்சு வாங்க நின்று, சுவரில் மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"பேட்டரி எங்கட்டி?"

"பேட்டரி வேண்டாமாம். இனி கரண்ட் போனாலும் கவலையில்ல. நல்லா இருக்குல்ல?"

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அன்றைக்குப் படுத்தவள் விடிந்துதான் எழுந்தாள். மறுநாளும் அப்படியே. அந்த வாரக் கடைசியில், பள்ளத்து வீட்டுப் புஷ்பாவின் மாமனார் முருகையாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று கேள்விப்பட்டு, சிலிண்டரையும் சாவியையும் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள். மரமில்லில் தூசி தின்ற மனுஷன். "எங்களுக்கு இனி எதுக்கு?" என்றாள். சிலுவைராஜ் அப்போது அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்த பிறகு, மூலை காலியாக இருந்ததை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை; அது பள்ளத்து வீட்டில் இருப்பது அக்கம்பக்கத்துப் பேச்சில் அவர் காதில் விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம், மிஷின் நின்றது. நின்று கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது.

அடுப்படியிலிருந்து வந்தவள் முதலில் பிளக்கை அழுத்திப் பார்த்தாள். சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு இல்லை. வெளியே ஓடிக் கூரையைப் பார்த்தாள். பேனல் எல்லாம் கண் கூசும்படி வெயிலில் கிடந்தன. ரோட்டில் மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

அஸ்வினுக்குப் போன் போட்டாள். வேலிப்பக்கம் போய் நின்றபோதுதான் டவர் கிடைத்தது.

"வெயில் அடிக்குது, கரண்ட் வரலப்பா."

"லைன் பந்த் ஆனா இதுவும் பந்த் ஆயிரும் ஆண்ட்டி. ஃபால்ட் இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்கு. கம்பத்துல வேலை செய்யறவங்களுக்கு உங்க கரண்ட் போய் அடிச்சிரக் கூடாதுல்ல."

"லைன் வாபஸ் குடுக்கும்னியே?"

"அது பில்லுல கழியறது ஆண்ட்டி." கொஞ்சம் நிறுத்தி, "அங்கிளுக்கு மிஷின் இருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். சுகாதார நிலையத்துக்கு அடித்தாள். ஆம்புலன்ஸ் பிரசவக் கேஸோடு அக்கரைக்குப் போயிருக்கிறது, வண்டிப்படகுக்கு நிற்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

சிலுவைராஜ் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்துக்கொண்டு வந்தது. கையைப் பள்ளத்துப் பக்கம் காட்டினார்.

ரோசலின் செருப்பில்லாமல் இறங்கினாள். முருகையா முகத்தில் மாஸ்க்கோடு சாய்ந்திருந்தார். புஷ்பா அவள் வந்த கோலத்தைப் பார்த்ததும் எழுந்து சிலிண்டருக்கு முன்னால் நின்றாள்.

"என்னக்கா?"

"அத்தான் போயிருவாரு புஷ்பா. சிலிண்டரைத் தா."

"மாமா காலையிலேர்ந்து இதுலதான் இருக்கார். எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? குடுக்கும்போது இனி எதுக்குன்னுதானே சொன்னீங்க."

"சொன்னேன்." ரோசலினின் கை சாவியை நோக்கிப் போனது. புஷ்பா அந்தக் கையைப் பிடித்தாள்.

முருகையா மாஸ்க்கை விலக்கினார். "பொம்பளைங்க சண்டையில பைப்பைப் பிடுங்கிராதீங்க. அவனை இங்க தூக்கிட்டு வாங்க. ஆளுக்குக் கொஞ்சமா இழுத்துக்கறோம்."

தெருவிலிருந்த ஆட்கள் சிலுவைராஜைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து கட்டில் பக்கத்தில் இறக்கினார்கள். புஷ்பா மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் வைத்தாள். முருகையாவுக்கு இழுக்க ஆரம்பித்ததும் அவருக்கு மாற்றினாள். அப்புறம் இவருக்கு. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பத்துமேல நின்னு என்னை மில்லுக்காரான்னு ஏசுவியே, இப்ப பாரு, என் எச்சில் மாஸ்க்" என்றார் முருகையா.

சிலுவைராஜ் சிரிக்கப் பார்த்து இருமினார். சிலிண்டர் மீட்டரில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. சிவப்பைத் தொட்டபோது புஷ்பா அதன்மேல் முந்தானையைப் போட்டு மூடினாள். ரோசலின் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். பிறகு புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"லைன் போனா இதுவும் நின்னுரும்னு உங்களுக்குத் தெரியும்லா. லைன்மேனுக்குத் தெரியாம இருக்குமா? அன்னைக்கே ஏன் சொல்லல?"

அவர் தன் முறை வரும்வரை காத்திருந்தார். மாஸ்க் வந்ததும் நாலு இழுப்பு இழுத்து, விலக்கிக்கொண்டு சொன்னார்.

"நீ தூங்குன."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்ல தூக்கம்" என்றாள். "மாத்து புஷ்பா, மாமாவுக்கு மாத்து."

முந்தானைக்கு அடியில் முள் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மாஸ்க்கில் காற்றுச் சத்தம் மெலிந்து, இருவருக்கும் ஒருசேர இழுக்கத் தொடங்கிய நேரத்தில் ஆம்புலன்ஸ் மேட்டில் வந்து நின்றது. இரண்டு பேரையும் ஏற்றினார்கள். உள்ளே ஆளுக்கொரு குழாய் இருந்தது.

மரம் விழுந்த இடத்தில் வண்டி ஊர்ந்தது. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கம்பத்தின் உச்சியில் ஒருவன் அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயசுதான். ரோசலின் ஜன்னல் வழியே அவனைப் பார்த்தாள். அவள் வீட்டு மிஷின் நின்றது இவனுக்காகத்தான். அவனைத் திட்டவும் முடியவில்லை.

சிலுவைராஜ் மாஸ்க்குக்குள் ஏதோ கேட்டார். அவள் குனிந்தாள்.

"பெல்ட் போட்டிருக்கானா?"

ரோசலின் மறுபடி நிமிர்ந்து, கண்ணை இடுக்கி, அவன் இடுப்பைப் பார்த்தாள்.

"போட்டிருக்கான்" என்றாள். "நீங்க மூச்சை இழுத்து விடுங்க."