அழித்துக் காட்டிய கார்ட்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, நோன்பு பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது, ஓட்டமாவடியில் ஒரு கலியாண வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. ஆறப்போட்டு எழுதலாம் என்று பல தடவை பார்த்தேன். ஆறுவதாக இல்லை. ஆகவே சூட்டோடு சூடாகவே எழுதுகிறேன்.

நான் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள். எங்கள் முஸ்லிம் கலியாணங்களில் மணப்பெண் இருக்கும் அறைக்குள் ஆண் படக்காரர் வருவதில்லை. கத்தாரில் வேலை செய்த என் கணவர் ஒரு கமெரா கொண்டுவந்து தந்தார். முதலில் சொந்தக்காரர் வீடுகளில் விளையாட்டாக எடுத்தேன், பிறகு அதுவே தொழிலாகிவிட்டது.

எடுப்பது பெரிய காரியமில்லை. எடுத்த படம் எங்கே போகிறது என்பதுதான் எல்லாருக்கும் கவலை. ஒரு மணப்பெண்ணின் படம் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரிலிருந்து ஊரிலுள்ள இளவட்டங்களின் போன்களுக்கெல்லாம் போய், அந்தப் பிள்ளை ஆறு மாதம் வெளியே தலை காட்டாமல் இருந்த கதை எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கமெராவைக் கண்டாலே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்காகவே என் கணவரிடம் சொல்லி ஒரு மிஷின் எடுப்பித்தேன். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். பக்கத்தில் கமெராவின் கார்டைச் செருக ஓர் இடம், மேலே இறுவட்டு, அதாவது சீடி, வைக்கும் தட்டு. பொத்தானை அழுத்தினால் கார்டில் உள்ள படங்கள் நேராக இறுவட்டில் ஏறிவிடும். கம்ப்யூட்டர் தேவையில்லை. மணப்பெண்ணின் அறையிலேயே, நாலு பெண்கள் பார்த்திருக்க, இறுவட்டில் ஏற்றி, அதை மணப்பெண்ணின் கையில் கொடுத்து, கார்டை அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிட்டுத்தான் நான் படி இறங்குவேன். ஒரே ஒரு இறுவட்டுத்தான், கொப்பி கிடையாது. ஏறாவூர், காத்தான்குடி என்று எங்கே போனாலும் இதுதான் என் வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் பெண்கள் என் முன்னால் முக்காட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள்.

ஓட்டமாவடி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அந்த வீட்டு மணப்பெண்ணுக்கு வாப்பா இல்லை. வீட்டைக் கட்டியது அவளுடைய மூத்த சகோதரி. எட்டு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து, உழைத்ததெல்லாம் கல்லாகவும் ஓடாகவும் அனுப்பியவள். கலியாணத்துக்கு வர அவளுடைய மேடம் லீவு கொடுக்கவில்லை. கலியாணத்துக்கு இரண்டு நாளைக்கு முன் எனக்குப் போன் எடுத்து, அக்காவிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"ராத்தா, தங்கச்சிட படத்த எப்பிடியும் எடுப்பீங்க. ஊட்டயும் எடுங்க. வாசக்கதவு, குசினி, கிணத்தடி, ஒண்டும் உடாம எடுங்க. நான் கட்டின ஊட்ட நான் இன்னும் காணல்ல" என்றாள்.

நான் ஒன்றும் விடவில்லை. கதவின் பூட்டைக்கூட எடுத்தேன். கூரை ஓடுகளை எடுத்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் பெண்கள் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்ததை எடுத்தேன். மணப்பெண்ணை அந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் நிற்கவைத்து எடுத்தேன். முந்நூறு படத்துக்கு மேல் வந்தது.

பின்நேரம் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் மிஷினைப் போட்டேன். பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரை இயக்க இரண்டு நிமிடம் பிடித்தது. வெளிச்சம் வந்தபோது மிஷினில் பச்சை லைட் எரிந்தது. வேலை முடிந்தாலும் பச்சைதான் எரியும். புதிதாக எழும்பி அடுத்த வேலைக்குக் காத்திருந்தாலும் அதே பச்சைதான். எனக்கு அது தெரியும். இறுவட்டில் படம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மிஷினில் இன்னொரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கால் மணித்தியாலம் எடுக்கும். அதை அழுத்தத்தான் கையை நீட்டினேன்.

அப்போது மணப்பெண்ணின் தாய்மாமன் வாசலில் வந்து நின்று செருமினார். உள்ளே வரவில்லை, திரைச்சீலைக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்.

"என்ன புள்ள, இன்னும் முடியல்லியா? படம் இந்த ஊட்ட உட்டு வெளிய போகாதெண்டு மாப்புள ஊட்டாருக்கு நான் வாக்குக் குடுத்தவன். கார்ட்ட அழிச்சுக் காட்டுங்க."

"கால் மணித்தியாலம் பொறுங்க காக்கா. சீடில ஏறியிரிக்கா எண்டு பாத்திட்டு அழிக்கன்" என்று அண்ணனிடம் சொல்வதுபோல் பணிவாகவே சொன்னேன்.

"கால் மணித்தியாலத்துக்குள்ள எத்தின கொப்பி அடிப்பீங்களோ, ஆருக்குத் தெரியும்?"

அறைக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. என்னைப் பார்த்து! கொப்பி அடிக்கக்கூடாது என்பதற்காகவே கத்தாரிலிருந்து மிஷின் எடுப்பித்த என்னைப் பார்த்து! மிஷினிலிருந்த கார்டை உருவிக் கமெராவில் போட்டுத் தூக்கினேன். திரைச்சீலையை ஒதுக்கி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இந்தாங்க, கண்ணால பாருங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். முந்நூறு படமும் ஒரு நொடியில் போனது. திரையில் 'படங்கள் இல்லை' என்று வந்ததையும் காட்டினேன். நான் இறுவட்டை மணப்பெண்ணின் கையில் வைத்துவிட்டு, ஏதோ சண்டையில் வென்றவள் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தேன். அந்த நடையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

மணப்பெண்ணின் உம்மா அந்த இறுவட்டைத் திறந்தும் பார்க்கவில்லை. மூத்தவள் பார்க்காததை நாங்கள் முதலில் பார்க்கமாட்டோம் என்று சொல்லி, புதுத் துணியில் சுற்றி, குவைத்துக்குத் திரும்பிப் போன அயல்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

நோன்பு பத்து இருக்கும். பகல் நேரத்தில் குவைத்திலிருந்து போன் வந்தது.

"ராத்தா, சீடிக்குள்ள ஒண்டுமில்ல."

பச்சை லைட்டும் ஜெனரேட்டர் சத்தமும் உடனே ஞாபகத்துக்கு வந்தன. உண்மை எனக்கு அந்த நொடியே தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "இஞ்ச நல்லாத்தான் இரிந்திச்சு. அங்க உள்ள கம்ப்யூட்டர் பழசாயிரிக்கும். வேற ஒண்டுல போட்டுப் பாருங்க" என்றேன். நோன்பு வாயால் சொன்ன பொய்.

நாலு நாள் கழித்து மறுபடி எடுத்தாள். இந்த முறை சத்தம் போட்டாள்.

"மேடத்துக்கிட்ட ஏச்சு வாங்கித்தான் முதல் தடவ பாத்த. மறுகா பக்கத்து ஊட்டுல வேல செய்யிற புள்ளைக்கிட்டக் குடுத்து, அவளும் ஏச்சு வாங்கினாள். மூணு கம்ப்யூட்டர்ல போட்டாச்சு. ஒண்டுமில்ல! நீங்க எனக்குப் பொய் சொல்லிட்டீங்க ராத்தா. இந்த எட்டு வருஷத்துல எனக்குப் பொய் சொல்லாத ஆள் ஒராளும் இல்ல. ஏஜென்ட் சொன்னான், மேடம் சொன்னா. இப்ப நீங்களும் சேந்திட்டீங்க."

போனை வைத்துவிட்டாள். அவளுடைய கோபத்தில் ஒரு சொல்லும் அநியாயமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அந்தத் தாய்மாமனை மனதுக்குள் கிழித்துக்கொண்டு போனேன். நல்லவேளையாக அவரும் அங்கேதான் இருந்தார். உங்களால்தான் எல்லாம் போனது என்று பெண்களின் முன்னால் வைத்து வெடித்தேன்.

"நான் ஆயிரம் சொல்லுவன் புள்ள. எனக்கு அந்த மிஷினப் பத்தி என்ன தெரியும்? தெரிஞ்ச ஆள் நீங்க. ஏலாதெண்டு சொல்லியிரிக்கலாமே" என்றார்.

அந்த மனிதர் சொன்னது சரியாக இருந்ததற்காகவே அவர்மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

மணப்பெண்தான் ஒரு வழி சொன்னாள். மட்டக்களப்பு டவுனில் தனக்குக் கம்ப்யூட்டர் படிப்பித்த டீச்சர் செட்டிபாளையத்தில் இருக்கிறார், அழிந்த படத்தையும் சிலவேளை எடுக்கலாம் என்று வகுப்பில் சொன்ன ஞாபகம் என்றாள். "அவ பொம்புளதான் ராத்தா. பயமில்ல" என்றாள். நோன்புக்கு முன் நான் எடுத்த கடைசிக் கலியாணம் அதுதான், நோன்பு காலத்தில் எங்கள் பக்கம் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே அழித்த நாளிலிருந்து அந்தக் கார்டில் நான் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். டீச்சர் என்னைவிட இளையவர், தமிழ்ப் பெண். நான் நோன்பு என்று தெரிந்ததும் தேத்தண்ணி வைக்க எழும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கார்டைத் தன் லேப்டொப்பில் போட்டு, ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டார். அரை மணித்தியாலம் போனது. முதலில் ஒரு கதவுப் பூட்டு வந்தது. பிறகு கூரை ஓடு. பிறகு மணப்பெண். நான் அழுதேவிட்டேன். ஒவ்வொன்றாக முந்நூறும் வந்தன.

படங்கள் வருவது அதோடு நிற்கவில்லை.

"அக்கா, இது வேற பொம்பிள மாதிரிக் கிடக்கு. இன்னும் வருது. இவங்களெல்லாம் ஆரு?" என்று டீச்சர் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். ஏறாவூரில் போன வருடம் எடுத்த மணப்பெண். அவளுக்குப் பிறகு காத்தான்குடியில் எடுத்த இரண்டு சகோதரிகள், முடியை விரித்துப்போட்டு, தங்களுக்குள் கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டு. எல்லாம் நான் அழித்துக் காட்டிய படங்கள். அல்லாஹ்வின் பெயரால் வாக்குக் கொடுத்து, கண் முன்னாலேயே அழித்துக் காட்டிய படங்கள்!

டீச்சர் பொறுமையாக விளக்கினார். அழி என்று அழுத்தினால் கமெரா படத்தை அழிப்பதில்லையாம். புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது மாதிரியாம். உள்ளே உள்ளதெல்லாம் அப்படியே இருக்கும், அதன்மேல் வேறு படம் எழுதினால்தான் போகுமாம். இத்தனை வருடமும் எத்தனை வீடுகளில் பொத்தானை அழுத்தி, பெரிய யோக்கியக்காரி மாதிரிப் படி இறங்கியிருப்பேன்? என் கார்ட் ஒரு நாள் பஸ்ஸில் தொலைந்திருந்தால்? அந்தத் தாய்மாமன் என்னைச் சந்தேகப்பட்டது தப்பு என்று கொதித்தேனே. அவர் சந்தேகப்பட்டதைவிட மோசமான காரியத்தை நான் தெரியாமலே செய்துகொண்டிருந்தேன்.

டீச்சர் ஓட்டமாவடிப் படங்களை மட்டும் இறுவட்டில் போட்டு, அதை இரண்டு தடவை திறந்து பார்த்து, தன் லேப்டொப்பில் இருந்தவற்றையும் அவற்றின்மேல் வேறு எழுதி உண்மையாகவே நீக்கித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பிறகு நான் அவர் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரைக்குப் போய், அந்தக் கார்ட் நிரம்பும்வரை தண்ணீரைப் படம் எடுத்தேன். வெறும் தண்ணீர். வெயிலில் நாக்கு வறண்டு நின்று, பொத்தானை அழுத்தி அழுத்தி என் கோபம் முழுவதையும் அதில்தான் தீர்த்தேன். பழைய முகங்கள் எல்லாம் தண்ணீருக்குக் கீழே போய்விட்டன என்று டீச்சர் மறுபடி பார்த்துச் சொன்ன பிறகுதான் பஸ் ஏறினேன்.

பெருநாள் முடிந்து குவைத்துக்குப் போன இன்னொருவரிடம் இறுவட்டைக் கொடுத்துவிட்டோம். மூத்தவளிடம் பொய்க்கு மன்னிப்பும் கேட்டேன். படம் கிடைத்த அன்று அவளாகவே போன் எடுத்தாள். எடுத்தவுடன் ஏச்சுத்தான்.

"குசினிக்கு ஆரு பச்சப் பெயின்ட் அடிக்கச் சொன்ன? நான் வெள்ளயெல்லா சொன்ன நான்! காசனுப்பினது நான், பெயின்ட் அவங்கட இஷ்டமா?"

பத்து நிமிடம் தன் வீட்டாரையெல்லாம் திட்டித் தீர்த்தாள். கிணற்றுக்கட்டு சரிவாக இருக்கிறது, சன்னல் சின்னது என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னாள். குறை சொல்லிக்கொண்டே வந்தவள் வாசற்கதவுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "கதவு நல்லாரிக்கி ராத்தா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வருடம் முடிவதற்குள் நான் படம் எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அழித்தேன் என்று சொன்னது அழியவில்லை, இப்போதுதான் உண்மையாகவே அழிந்தது என்று சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். காத்தான்குடிச் சகோதரிகளின் உம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "உன்ன நம்பித்தானே எண்ட புள்ளைகள் முக்காட்டக் கழட்டினதுகள்" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கலியாணத்துக்கும் புதுக் கார்ட் வாங்குகிறேன். இறுவட்டோடு கார்டையும் மணப்பெண்ணின் கையிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

இன்றைக்கும் யாராவது என் நேர்மையைச் சந்தேகப்பட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது என் பிறவிக்குணம். ஆனால் ஒருத்தி எட்டு வருடம் உழைத்துக் கட்டிய வீட்டை ஒரு நொடி ரோஷத்துக்காக அழித்துக் காட்டிய கை இது என்ற நினைப்பும் கூடவே வருகிறது, அப்போதெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் கால் மணித்தியாலம் பொறுங்கள் என்றே சொல்கிறேன்.