சாம்பியனின் மூன்றாவது ஜோடி விளக்கு

காரின் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் விழும் வெளிச்சத்தைத் திட்டிக்கொண்டிருந்தான் என் கொழுந்தன். விளக்கைத் திட்டி முடித்தால் பேட்டரியைத் திட்டுவான். பிறகு வயரை, வயர் விற்றவனை, விற்றவனைப் பெற்றவர்களை. சுவராவது தப்பித்தது என்று நினைத்தேன். ஒரு நாள் அதற்கும் வெள்ளையடித்தான். சுவர் வெளிச்சத்தைக் குடிக்கிறதாம்.

தொழில் வெல்டிங். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. அறுபதை நெருங்குகிறான். கண்ணைக் காக்கிற முகமூடி பட்டறை ஆணியிலேயே தொங்கும். "சும்மா ரெண்டு புள்ளி வைக்கறதுக்கு எதுக்கு அண்ணி அதெல்லாம்" என்பான். அப்படி இரண்டிரண்டு புள்ளியாகவே ஆயுளை ஓட்டிவிட்டான். லீவு நாளானால் கார்ப் பந்தயம். பறக்கிற பந்தயக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற நாலு கதவு வண்டிதான். இருக்கைகளைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டி, கதவுகளைப் பற்றவைத்து மூடியிருக்கிறான். ஏறுவதும் இறங்குவதும் ஜன்னல் வழியாக. முதலில் தலை போகும், தோள் போகும், பிறகு வயிற்றுக்கும் ஜன்னலுக்கும் பேச்சுவார்த்தை நடக்கும். கூட்டாளிகள் 'சாம்பியன்' என்று கூப்பிடுகிறார்கள். நாலாவதுக்கு மேல் வந்ததில்லை. அது கேலி என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பகல் பந்தயத்துக்கு விளக்கு கூடாது. மோதினால் கண்ணாடி உடைந்து பாதையில் சிதறும். அதனால் விளக்கு இருந்த பொந்தைத் தகரத்தால் மூடி, விளக்குப் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தான். அவன் குறை சொல்லாத ஒரே விளக்கு அதுதான்.

இந்த முறை அறிவித்திருப்பது சாயங்காலம் தொடங்கி இருட்டில் முடிகிற பந்தயம். விளக்கு கட்டாயம். தகரத்தை வெட்டினான், தாங்கி செய்து பற்றவைத்தான், கடை விளக்கை வாங்கி மாட்டினான். மஞ்சளாக எரிந்தது. மங்கல் என்றான். அடுத்த ஜோடி வெள்ளை. அதுவும் மங்கல். மூன்றாவது ஜோடியைப் போட்டபோது, மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கூசியது. "பொகை மூட்டம் மாதிரி வருது பாருங்க அண்ணி" என்றான் கீழே இருந்து.

முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கண்ணில் புரை விழுந்தவர்களை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். முதல் படியைக் காலால் தடவுவார்கள். டம்ளர் நிரம்பியதை விரல் நனைந்துதான் அறிவார்கள். சிவப்பு வயர் எது, பழுப்பு வயர் எது என்று பெண்டாட்டியைக் கேட்பான் இவன். அவள் சொன்னதும், உனக்குத் தெரிகிறதா என்று சோதித்தேன் என்பான். புரைதான், சின்ன ஆபரேஷன், சொட்டு மருந்து விட நானே கூட இருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்தான்.

"எனக்குக் கழுகுக் கண்ணு அண்ணி. லைட்டுதான் குருடு."

எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன், அவன் மனைவி மட்டும் நடுவில் இல்லாவிட்டால். பந்தயத்தின் நடுவே வண்டிகள் பெட்ரோல் போட ஒதுங்குகிற இடத்தில், அவனுக்காக அட்டை பிடித்து நிற்பது அவள்தான். அட்டையைப் பார்த்து அவன் நிறுத்த வேண்டும். போன வாரம் ஒத்திகையில், பொழுது சாயும் நேரத்தில், அட்டையை அவள் கையிலிருந்து அடித்துக்கொண்டு போய் நின்றது வண்டி. ஜன்னலில் தலையை நீட்டி, ஏன் இடம் மாறி நின்றாய் என்று அவளையே ஏசினானாம். "நின்ன எடத்துலயேதான்க்கா நின்னேன்" என்று என்னிடம் வந்து மணிக்கட்டைக் காட்டினாள். வீங்கியிருந்தது. கட்டுப் போட்டுவிட்டேன். வண்டி ஒரு முழம் உள்ளே தள்ளி வந்திருந்தால், அந்தக் கட்டு இடுப்பில் விழுந்திருக்கும்.

மறுநாள் சாம்பியன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். புத்தி வந்து கண் டாக்டரிடம் போகிறான் என்று நானும் நம்பினேன். திரும்பி வந்தவன் கையில் ஒரு மின்னும் மேல்சட்டை. சாலை வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்வார்களே, அது. இனிமேல் நீ பளிச்சென்று தெரிவாய் என்று பெண்டாட்டிக்கு ஆசையாக மாட்டிவிட்டான்.

நேற்று அந்தியில் அவளை அந்தச் சட்டையோடு சுவரோரம் நிறுத்தினான். விளக்கின் சாய்வை அவளை வைத்துச் சரிபார்க்க வேண்டுமாம். அவன் ஜன்னலுக்குள் வயிற்றைத் திணித்து முடிப்பதற்குள் அவளுக்கு நிறைய நேரம் இருந்தது. சட்டையைக் கழற்றினாள். சுவரில் துணிக்கொடி கட்டும் ஆணியில் மாட்டினாள். நிதானமாகச் சுற்றி வந்து வண்டியின் ஜன்னலை ஒட்டி நின்றாள். மாடியில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

விளக்கு எரிந்தது. சட்டை தகதகத்தது. அதற்குத் தலையும் இல்லை, காலும் இல்லை.

"எடது பக்கம் ஒரு அடி நகரு" என்றான். சட்டை நகரவில்லை. "சொன்னா என்னிக்குக் கேட்டிருக்க நீ. சரி, அங்கயே நில்லு. இப்ப எவ்வளவு தெளிவாத் தெரியற தெரியுமா? மூஞ்சிய மட்டும் தூக்கி வெச்சுக்காத."

அவன் காதுக்குப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: "நான் இங்க நிக்கறேங்க."

சுவர் பளீரென்று இருந்தது. மூன்றாவது ஜோடியைத் திட்ட ஆளில்லை.

"சாவியக் குடுங்க" என்று கட்டுப் போடாத கையை நீட்டினாள்.

சாவியை உருவியும் விளக்கு அணையவில்லை. வயரை நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்திருக்கிறான். அந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஜன்னல் வழியாக அவன் கை வெளியே வந்தது. அவள் உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில், சாவியை நீட்டிக்கொண்டு நின்றது. அவள் தன் கையை நகர்த்தி அதற்குக் கீழே வைத்துக்கொண்டாள்.