தசை அனுப்பிய பதில்

அரசு அலுவலகத்தில் பெற்ற கடிதத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் எழுத வேண்டும்; இயலாவிட்டால் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். பணிக்காலம் முழுவதும் இந்த விதியைக் காட்டியே பலருடைய வெறுப்பைச் சம்பாதித்தேன். பெங்களூர் ஆய்வகத்தில் என் மகளின் கண்ணாடித் தட்டில் வளர்ந்த தசையும் அதை மதிக்கவில்லை.

அவள் ஸ்டெம் செல்லிலிருந்து மோட்டார் நியூரான் உண்டாக்குகிறாள். தசையை அசையச் சொல்லும் நரம்புச் செல் அது. உண்டானதைத் தசைச் செல்களோடு சேர்த்து வளர்ப்பாள். நரம்பு சரியானது என்றால் தசை துடித்துப் பதில் சொல்ல வேண்டும். மாதக்கணக்காகப் பதில் இல்லை. வருட முடிவுக்குள் துடிக்காவிட்டால் ஆய்வை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சீசனுக்குத் தென்காசி வந்தவளைக் குற்றாலம் அழைத்துப் போனேன். எங்கள் ராசி, தண்ணீர் கூடிப்போய் மெயினருவியில் குளிக்கத் தடை. மிளகாய் பஜ்ஜியோடு ஒதுங்கி நின்று விளக்கம் கேட்டேன். எல்லா செல்லிலும் எல்லா ஜீனும் உண்டாம். எது திறக்கிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதில்தான் ஒன்று நரம்பாகிறது, ஒன்று தோலாகிறது. புரிந்தது. எங்கள் அலுவலக பீரோவிலும் எல்லா விதிகளும் இருந்தன. திறந்து பார்த்தவை சிலவே. அவள் வெளியிலிருந்து சேர்க்கும் சமிக்ஞைப் புரதத்தின் அளவைப் பொறுத்து ஜீன்கள் திறக்கும், மூடும்.

"அப்போ நினைவூட்டல் அனுப்பு. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றேன். பணியில் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.

"அதத்தாம்ப்பா இத்தனை நாளும் செஞ்சேன். ஊருக்கு வர முந்தி சோதிச்சுப் பார்த்தா, மோட்டார் நியூரானுக்கு வேண்டிய ஜீன் மூடிக் கெடக்கு, பக்கத்து வகை நரம்புக்கு வேண்டியது தொறந்து கெடக்கு." அருவியைக் காட்டினாள். "இந்தா, தண்ணி கூடுனதும் வழிய அடைச்சிட்டாங்கல்லா. புரதத்தக் குறைக்கப் போறேன்."

நினைவூட்டலைக் குறைத்துக் காரியம் சாதித்த அதிகாரி எவரையும் நான் அறியேன். மீதி பஜ்ஜியைத் தின்றேன்.

பிறகு ஒரு நாள், பஸ் நிலையத்தில் நிற்கும்போது, அளவைக் குறைத்து வளர்த்த தட்டின் வீடியோ மகளிடமிருந்து வந்தது. தசை சுருங்கி விரிந்தது. நரம்பின் ஆணையைத் தடுக்கும் மருந்தை ஊற்றியதும் நின்றது. ஆக, ஆணை பிறந்த இடம் ஐயமற நிரூபணம். என் பணிக்காலத்தில் இத்தனை சுத்தமான கோப்பைப் பார்த்ததில்லை.

பக்கத்தில் மாலை போட்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்ன சாமி, புழுவா?"

"எம் மக கேட்டதுக்கு வந்த பதில்" என்றேன். அவர் கேட்காமலே இன்னொரு முறை ஓடவிட்டேன்.

பதில் வந்தது கார்த்திகை முதல் தேதி; வருட முடிவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.