படாக் கட்டையின் மேல் ஒரு கார்

ஐந்து வருடம் நான் ஒரு காருக்குச் சொந்தக்காரனாக இருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் அதை ஓட்டிய மொத்தத் தூரம், கப்பலிலிருந்து அதை இறக்கிய துறைமுகத்துக்கும், தீவின் கடலோரத்தில் மின்னி பே என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான். என் மனைவி அதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. கார் வேண்டும் என்று கேட்டதே அவள்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும்.

சுனாமி அன்று எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறியபோது வழுக்கி விழுந்து அவளுடைய வலது முழங்கால் கெட்டுப்போனது. அதன் பிறகு கதவோரம் எப்போதும் ஒரு பை இருக்கும். ரேஷன் கார்டு, மாத்திரை, டார்ச். கட்டில் லேசாக ஆடினாலும் அது அவள் தோளுக்குப் போய்விடும்.

"என்னங்க, இனிமே என்னால மேட்டுல ஓட முடியாது. ஒரு பழைய வண்டியாவது வாங்கிப் போடுங்க" என்றாள்.

நான் பழைய வண்டி வாங்கவில்லை. அப்போது கார் பத்திரிகைகளாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். குறைவான எண்ணிக்கையில் செய்து நிறுத்திவிடும் வேகக் கார்கள் இருபது வருடத்தில் அரும்பொருளாகிவிடும், மீட்டர் ஓடாமல் வைத்திருப்பவன் புத்திசாலி என்று அவற்றில் எழுதியிருந்தார்கள். இரண்டே கதவு, சிவப்பு நிறம், டாஷ்போர்டில் வரிசை எண் பொறித்த ஒரு தகடு. சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்தேன். இந்த ஊரில் வளைவில்லாமல் நீளும் ஒரே தார்ப்பாதையில் விமானம்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அவ்வளவு வேகம் எதுக்கு? மேட்டுக்குப் போனாப் போதும். இவ்வளவு தாழ்வா இருக்கே, முட்டிய எப்படி மடக்குறது?"

அவள் மடக்க வேண்டிய அவசியமே வரவில்லை. டயர் தட்டையாகிவிடக் கூடாதென்று சாத்தம் மரமில்லில் கழித்துப்போட்ட, தேக்கைப் போல விலையுள்ள படாக் மரத்தின் நான்கு கட்டைகளை வாங்கி வந்து, காரை அவற்றின் மேல் ஏற்றினேன். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். மேலே இரண்டு தார்ப்பாய். நடுவில் ஒருநாள், இப்படிப்பட்ட கார்களைச் சேர்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் போன் செய்தேன். வரிசை எண்ணைக் கேட்டதும் குரல் கனிந்தது. எங்கே நிற்கிறது என்றார். கடலிலிருந்து கூப்பிடு தூரம் என்றேன். "அப்ப நீங்களே வச்சுக்கங்க சார்" என்று போனை வைத்துவிட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிற்பகல், பூமி நெடுநேரம் ஆடியது. போலீஸ் ஜீப் ஒன்று மைக்கில் இந்தியில் கத்திக்கொண்டே போனது: எல்லோரும் மேட்டுக்குப் போங்கள். மனைவி பையோடு காரிடம் போய்த் தார்ப்பாயை விலக்கினாள். நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின.

"நீ நடந்துகிட்டே இரு, பாட்டரிய மாட்டிட்டு வந்து வழியில ஏத்திக்கிறேன்" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேடேறத் தொடங்கினாள். நான் ஜாக்கியைத் தேடினேன். அந்த நேரம் என் மனதில் இருந்தது அவளுடைய முழங்கால் அல்ல. கடல்தண்ணீர் பட்டால் காரின் மதிப்புப் போய்விடுமே என்பதுதான். இதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை என்றும் நினைக்கிறேன்.

பாட்டரி செத்திருந்தது. ஜாக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி மேட்டில் மீன் ஏற்றும் ஆட்டோக்காரர் ஒருவர், "ஆவோ பாபி, பைட்டோ" என்று, வாங்க அண்ணி, உட்காருங்க என்று இந்தியில் கூப்பிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். மேலே பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆட்டோவில், மீன் கூடைகளுக்கு நடுவே, அவற்றின் தண்ணீரில் நனைந்த சேலையோடு உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வண்டி பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள்.

கடல் அன்று வரவில்லை. மறுநாளே பத்துபஸ்தியிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தேன். இனி தினமும் அவளை உட்காரவைத்து ஓட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். அது மறுபக்கம் வெளியே வந்தது.

"சார், கீழ பூரா ஜங்கு, துருப் புடிச்சிருச்சு. உப்புக்காத்து. ஓட்டிக் கழுவியிருந்தா தப்பிச்சிருக்கும். இப்ப கட்டைய எடுத்தா உக்காந்துரும்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கட்டை ஏ-ஒன் சார். அஸ்லி படாக், அசல் மரம்."

வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வானத்தைப் பார்த்தாள்.

"அப்ப கட்டையையாவது உள்ள எடுத்து வைங்க. மழை வருது."